ஐந்து சுற்று ஓடினால் அது நிலைத்த வினையூக்கியா?

வாசகர் கேள்வி:
சில்வர் பாஸ்பேட்டின் மேல் கார்பன் நைட்ரைடு போர்த்தி ஒரு மஞ்சள் பொடி செய்திருக்கிறேன். லிட்டருக்கு 10 மி.கி. மெத்திலீன் நீலம் உள்ள கரைசல் 100 மில்லி எடுத்து, அதில் 50 மி.கி. பொடி போட்டேன். பொடியில் 40 மி.கி. சில்வர் பாஸ்பேட். 420 நானோமீட்டர் வடிகட்டி (அதற்குக் குறைந்த அலைநீளத்தைத் தடுப்பது) வைத்த செனான் விளக்கின் கீழ் 60 நிமிடம். ஐந்து சுற்றில் சாயம் போன அளவு 98, 97, 95, 93, 90 சதவீதம். எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) கோடுகள் மாறவே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்கிற, நீடித்து உழைக்கிற ஒளிவினையூக்கி என்று கட்டுரையில் எழுதலாமா?

மார்ச் 3, இரவு 9.40

எழுத வேண்டாம். உங்கள் எண்களே அதற்கு எதிராகப் பேசுகின்றன.

98 இறங்கி 90 ஆனது என்றால் 8 சதவீதம்தானே போனது என்று தோன்றும். போன சாயத்தைப் பார்க்காதீர்கள், மிச்சம் நிற்கும் சாயத்தைப் பாருங்கள். முதல் சுற்றில் 2 சதவீதம், ஐந்தாவதில் 10. முதல் வகை வினை (மிச்சம் உள்ள சாயத்துக்கு ஏற்ற வேகம்) என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் வேக மாறிலி நிமிடத்துக்கு 0.065-இல் தொடங்கி 0.038-க்கு வந்து நிற்கிறது. வேகத்தில் 41 சதவீதம் காணோம். 60 நிமிடம் காத்திருந்ததால்தான் அது பட்டை வரைபடத்தில் தெரியவில்லை. 120 நிமிடம் காத்திருந்தால் 99.96, 99 என்று இன்னும் அழகாக வந்திருக்கும்.

அடுத்த முறை 10, 12 நிமிடத்திலேயே விளக்கை அணைத்து அளந்து பாருங்கள். பாதிச் சாயம் மிச்சம் இருக்கும்போதுதான் வினையூக்கியின் உண்மையான வேகம் தெரியும். எல்லாம் தீர்ந்த பிறகு யார் வேகமாகச் சாப்பிட்டார் என்று கேட்டால் எப்படி?

மார்ச் 3, இரவு 10.15

எக்ஸ்.ஆர்.டி. பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அது பொடி முழுவதையும் சராசரியாகப் பார்க்கும் கருவி. மேற்பரப்பில் சில நானோமீட்டர் கெட்டுப்போனால் அதற்குத் தெரியாது. மிக நுண்ணிய வெள்ளித் துகள் சில சதவீதம் இருந்தாலும் கோடு அகலமாகிப் பின்னணியில் கலந்துவிடும். வினை நடப்பதோ அந்தச் சில நானோமீட்டரில்தான்.

கருவி எதுவும் வேண்டாம். புதுப் பொடியையும் ஐந்து சுற்று ஓடிய பொடியையும் நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் தட்டி வையுங்கள். என் சில்வர் பாஸ்பேட் முதலில் நல்ல எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. இரண்டாம் சுற்றில் பாசி நிறம், நான்காம் சுற்றில் காப்பிப்பொடி நிறம். வடிகட்டிய தாளில் கறுப்பு வளையம் ஒன்று நின்றது. அந்தத் தாளை இன்னும் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5

ஏன் கறுக்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல நினைத்தேன், வராது போலிருக்கிறது.

ஒளி பட்டதும் எலக்ட்ரான் கீழ் ஆற்றல் மட்டமான இணைதிறன் பட்டையிலிருந்து மேல் மட்டமான கடத்துப் பட்டைக்குப் போகிறது, கீழே அது விட்டுப்போன காலி இடம், அதாவது துளை, நிற்கிறது. இரண்டுக்கும் ஆளுக்கொரு வேலை வேண்டும். சில்வர் பாஸ்பேட்டின் துளை கெட்டிக்காரத் துளை, தண்ணீரையே ஆக்சிஜனாக்கும். சிக்கல் எலக்ட்ரானிடம். அதன் கடத்துப் பட்டை சுமார் +0.45 வோல்ட்டில் இருக்கிறது (இந்த அளவுகோலில் எதிர்க்குறிப் பக்கம் போகப் போகத்தான் உயரம்). ஆக்சிஜனுக்கு ஒற்றை எலக்ட்ரானைக் கொடுக்க −0.33 வோல்ட் பக்கம் வேண்டும். அந்த உயரம் இதற்கு இல்லை. பக்கத்திலேயே வெள்ளி அயனி கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எலக்ட்ரான் அங்கே போகிறது, வெள்ளி உலோகமாகிறது, பொடி கறுக்கிறது.

காட்மியம் சல்பைடில் இதே கதை தலைகீழ். அங்கே எலக்ட்ரான் நல்ல பிள்ளை, ஹைட்ரஜனைக்கூட உண்டாக்கும். துளைதான் சொந்த வீட்டுச் சல்பைடைப் பிடித்து ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். காட்மியம் அயனி தண்ணீரில் இறங்கிவிடும். மாசு நீக்கப் போன பொடியே மாசு ஆகிறது, வேலியே பயிரை மேய்ந்த மாதிரி.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு பொது விஷயம் இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ அதால் வகுத்தால் அது வாங்கும் ஒளியின் அலைநீளம் வரும்: 387 நானோமீட்டர், அதாவது புற ஊதா. தரைக்கு வரும் வெயிலில் புற ஊதா 4, 5 சதவீதம்தான். எனவே இடைவெளியைக் குறுக்க வேண்டும். எப்படிக் குறுக்குகிறோம்? பெரும்பாலும் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தையோ நைட்ரஜனையோ வைத்து இணைதிறன் பட்டையை மேலே தூக்குகிறோம். அது மேலே வந்தது என்றால் அந்த எலக்ட்ரான்கள் எளிதில் பறிபோகும் என்றுதான் பொருள். பொடிக்கு நிறம் கொடுத்த அதே காரணம்தான் அதை அரிக்கவும் செய்கிறது. நிறத்தை ஒருவரும் உறுதியை இன்னொருவரும் தனித்தனியாகத் தேடினால் இரண்டும் சேர்ந்து கிடைக்காமல் போவது இதனால்தான்.

மார்ச் 5, பின்னர்

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. சில்வர் பாஸ்பேட்டின் நிறத்துக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அங்கே ஆக்சிஜன் அப்படியே இருக்கிறது. பட்டை குறுகியதும் கெட்டதும் வெள்ளியால். "பெரும்பாலும்" என்று போட்டதால் தப்பித்தேன்.

மார்ச் 6

கேள்வி கேட்டவரின் கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். 100 மில்லியில் சாயம் 1 மி.கி., அதாவது சுமார் 3.1 மைக்ரோமோல். ஐந்து சுற்றிலும் சேர்த்துப் போனது 15 மைக்ரோமோலுக்குப் பக்கம். 40 மி.கி. சில்வர் பாஸ்பேட் என்பது சுமார் 95 மைக்ரோமோல். அதில் வெள்ளி அயனி மட்டும் 287 மைக்ரோமோல்.

வினையூக்கி என்றால் தான் செலவாகாமல் திரும்பத் திரும்ப வேலை செய்ய வேண்டும். இங்கே ஐந்து சுற்று முடிந்தும் சில்வர் பாஸ்பேட்டின் மோல் அளவில் ஆறில் ஒரு பங்குச் சாயம்கூடப் போகவில்லை. பொடி முழுக்க வெறும் வினைபொருளாக இருந்து செலவாகிக்கொண்டிருந்தாலும் இந்த ஐந்து சுற்றும் இப்படியே ஓடியிருக்கும். இன்னும் பல சுற்றுக்குக் கையிருப்பு இருக்கிறது!

மார்ச் 6, இரவு

ஒருவர் சரியாகப் பிடித்தார். மெத்திலீன் நீலம் ஒரு மூலக்கூறு முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு, நீர், அமிலங்கள் என்று சிதைய 25.5 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும், அதாவது 102 எலக்ட்ரான். 15 மைக்ரோமோலுக்கு 1,500-க்கு மேல். வெள்ளியால் 287-ஐத்தான் வாங்க முடியும். ஆக முழுச் சிதைவு நடந்திருந்தால் பொடி உண்மையிலேயே வினையூக்கிதான், என் காலைக் கணக்கு அநியாயம்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்தது முழுச் சிதைவு என்று எங்கே தெரிகிறது? நிறம் போக ஒன்றிரண்டு எலக்ட்ரான் போதும். அப்படியென்றால் 30 மைக்ரோமோல், வெள்ளியின் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு. கரைசலில் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் எந்தக் கணக்கு சரி என்பது தெரிந்துவிடும். அது பாதியாகக் குறைந்திருந்தாலே நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மார்ச் 9

சாயத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் பழைய மானக்கேடு ஒன்று.

ஆராய்ச்சியில் இரண்டாம் வருடம். நைட்ரஜன் சேர்த்த டைட்டானியம் டை ஆக்சைடு, வெளிர் மஞ்சள். 420 வடிகட்டிக்குக் கீழே மெத்திலீன் நீலம் அருமையாக வெளுத்தது. எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது. ஒரு மூத்தவர் வந்து, ஒன்றும் சேர்க்காத வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடைப் போட்டு, 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி.யை மட்டும் வைத்து ஒரு இரவு ஓட்டச் சொன்னார். அந்தப் பொடிக்கும் சிவப்பு ஒளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காலையில் பார்த்தால் குடுவையில் நீலம் பாதிதான் இருந்தது.

காரணம் எளிது. மெத்திலீன் நீலம் 664 நானோமீட்டரில் தானே ஒளியை வாங்கும். அந்த ஒளியில் மேலெழுந்த எலக்ட்ரானைப் பொடியின் கடத்துப் பட்டைக்குள் தள்ளிவிட்டுத் தானே சிதையும். பொடி வெறும் வடிகால். சாயம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. நிறமில்லாத மாசு ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பொடி சும்மா உட்கார்ந்திருக்கும்.

சாயம் வெளுத்தது நரிக்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு எனக்கு.

இன்னொன்று: வெளுக்கும்போது 664-இல் இருந்த உச்சி மெல்ல இடப்பக்கம் நகர்கிறதா என்றும் பாருங்கள். நகர்ந்தால் மெத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வேறு சாயங்கள் உண்டாகின்றன. 664-ஐ மட்டும் வாசித்தால் போனதாகத்தான் தெரியும்.

மார்ச் 10

"அப்போ ஃபீனால் போதுமா?"

ஓரளவு. ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பில் ஃபீனால் ஒட்டிக்கொண்டால் அந்தக் கூட்டணியே கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்கும். முழுக்க நல்ல சாட்சி யாரும் இல்லை. என் வழி இது: 450, 520, 660 நானோமீட்டர் எல்.இ.டி. மூன்றையும் தனித்தனியாக வைத்து, ஒரே அளவு ஃபோட்டான் விழும்படி செய்து வேகத்தை அளப்பது. பொடி ஒளியை வாங்கும் வளைவும் வேகத்தின் வளைவும் சேர்ந்து போனால் பொடிக்குப் பெயர். சாயத்தின் வளைவோடு போனால் சாயத்துக்கு.

மார்ச் 10, சற்று நேரம் கழித்து

எல்.இ.டி. டப்பாவில் 450 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அதன் வால் இரண்டு பக்கமும் நீளும். சூடானால் உச்சியும் நகரும்.

மார்ச் 14

இப்போது நானே எனக்கு எதிராக. 41 சதவீதம் வேகம் போனது என்று முதல் நாள் அடித்துச் சொன்னேன். பொடி கெட்டதால்தான் போனது என்று யார் சொன்னது?

கார்பன் நைட்ரைடை வைத்து நான் செய்த ஒரு வேலை நினைவுக்கு வந்தது. மெலமைனை மூடிய கிண்ணத்தில் வைத்து 550 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டால் மஞ்சள் கட்டி வரும் (உலையைத் திறக்கும்போது அம்மோனியா மூக்கைத் துளைக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்). அதை அரைத்துச் சுற்றுச் சுற்றாக ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஒழுங்காகக் குறைந்தது. மூன்று வாரம் "செயலிழப்பின் பொறிமுறை" பற்றி யோசித்தேன். நல்ல தலைப்பு வேறு. கடைசியில் யாரோ பொடியை நிறுத்துப் பார்த்தாயா என்று கேட்டார். 50 மி.கி. போட்டது ஐந்தாம் சுற்றில் 38. மிச்சமெல்லாம் சென்ட்ரிஃப்யூஜ் குழாயிலிருந்து மேல்நீரைச் சாய்க்கும்போது கூடவே போயிருக்கிறது. அந்தப் பொடி பஞ்சு மாதிரி, அடியில் உட்காரவே உட்காராது.

எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பொடியைக் காயவைத்து எடை எடுங்கள். அல்லது ஒரே மாதிரி மூன்று குடுவை சேர்த்து ஓட்டி, ஒன்றில் குறைந்த பொடியை மற்றதிலிருந்து ஈடு செய்யுங்கள். அதற்கப்புறமும் வேகம் குறைந்தால், வெறும் அழுக்கா உண்மையான சிதைவா என்று பிரிக்க வேண்டும். சாயத்தின் பாதிச் சிதைந்த துண்டுகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், சாயம் இல்லாத தண்ணீரில் பொடியை விளக்கின் கீழ் இரண்டு மணி நேரம் விட்டாலே ஓரளவு மீண்டுவிடும். மீளாவிட்டால் அரிப்பு.

சில்வர் பாஸ்பேட் வேகம் இழக்க மூன்றாவது வழியும் உண்டு: தண்ணீரிலேயே கொஞ்சம் கரையும். குளோரைடு உள்ள தண்ணீர் என்றால் மேற்பரப்பு சில்வர் குளோரைடாக மாறிவிடும். குழாய்த் தண்ணீரில் செய்து பார்த்துவிட்டு "உண்மையான நீர் மாதிரியிலும் வேலை செய்தது" என்று எழுதுகிறவர்கள் எதை அளந்தார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

மார்ச் 15

போர்வை பற்றி. கார்பன் நைட்ரைடு போர்த்தினால் காப்பாற்றும் என்று எல்லோரும் படம் போடுகிறார்கள். அந்தப் படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். கார்பன் நைட்ரைடின் எலக்ட்ரான் கீழே இறங்கிச் சில்வர் பாஸ்பேட்டுக்குப் போகும் என்று வரைந்தால், வெள்ளிக்கு இன்னும் அதிக எலக்ட்ரான் கிடைக்கிறது. அந்த அம்பு சரியென்றால் பொடி இன்னும் சீக்கிரம் கறுக்க வேண்டும். காப்பாற்றுகிறது என்றால் நடப்பது வேறு: சில்வர் பாஸ்பேட்டின் எலக்ட்ரானும் கார்பன் நைட்ரைடின் துளையும் எல்லையில் சந்தித்து ஒன்றையொன்று முடித்துக்கொள்ள வேண்டும். இசட் வடிவம் என்பது இதைத்தான். முதல் படத்தைப் போட்டுவிட்டு "அதனால் நிலைத்தது" என்று முடிக்கும் கட்டுரைகளை நான் மதிப்பாய்வுக்கு வாங்கியிருக்கிறேன். திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

மார்ச் 21

"எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்களே, நிலைத்தது எதுவுமே இல்லையா?" நியாயமான கோபம்.

1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் தண்ணீரைப் பிளந்து காட்டியது டைட்டானியம் டை ஆக்சைடை வைத்து. அரை நூற்றாண்டாக அதை விட்டு வெளியே வர முடியாததற்கு முக்கியக் காரணம் அதன் திறமை இல்லை, பிடிவாதம். தண்ணீரில் கரையாது, எளிதில் எதற்கும் அசையாது. 2001-இல் நைட்ரஜன் சேர்த்து மஞ்சளாக்கினார்கள். ஊரே அதன் பின்னால் ஓடியது, நானும். ஆனால் மூன்று ஆக்சிஜன் இருந்த இடத்தில் இரண்டு நைட்ரஜன் வந்தால் ஒரு இடம் காலியாக நிற்கும். அந்தக் காலி இடங்களில் எலக்ட்ரானும் துளையும் சந்தித்து வெறும் சூடாகிவிடும். நைட்ரஜனும் நிரந்தரமாக நிற்காது. என் பொடி சில மாதப் பயன்பாட்டில் மறுபடி வெளுத்தது.

நம்பிக்கை தருகிறவை ஆக்சைடுகள்தான். பிஸ்மத் வனடேட், 2.4 எலக்ட்ரான் வோல்ட், அழகான மஞ்சள். இங்கே இணைதிறன் பட்டையின் உச்சியில் பிஸ்மத்தின் எலக்ட்ரான்களும் கலந்திருக்கின்றன. அதனால் நிறம் வந்தும் கந்தகம் மாதிரி உடனே அரிக்காது. காரத்தில் மட்டும் வனடியம் மெல்ல இறங்கும். டங்ஸ்டன் ஆக்சைடு அமிலத்தில் கல் மாதிரி நிற்கும், காரத்தில் கரையும். அதற்கும் சில்வர் பாஸ்பேட்டின் அதே கடத்துப் பட்டைச் சிக்கல் உண்டு. ஆனால் மேலே கொஞ்சம் பிளாட்டினமோ தாமிர அயனியோ வைத்தால் எலக்ட்ரான்கள் சேர்ந்து போய் ஆக்சிஜனை ஒரேயடியாக இரண்டு எலக்ட்ரானால் ஒடுக்கும். அதற்கு +0.68 வோல்ட் போதும். எலக்ட்ரானுக்கு வேறு வேலை கொடுத்தாயிற்று, அவ்வளவுதான் சூட்சுமம்.

காலியம் நைட்ரைடும் துத்தநாக ஆக்சைடும் கலந்த திண்மக் கரைசலை ஜப்பானிய வேதியியலாளர் டோமென் குழுவினர் தண்ணீரைப் பிளக்க ஆறு மாதம் ஓட்டி, இறங்கிய செயல்திறனை மீட்டும் காட்டினார்கள், 2012-இல். ஆறு மாதம், ஐந்து சுற்று இல்லை. அதே குழுவினர் 2021-இல் 100 சதுர மீட்டர் பலகைகளைத் திறந்தவெளியில் வைத்துப் பல மாதம் ஓட்டினார்கள். ஹைட்ரஜன் தனியாகப் பிரிந்து வந்தது. வெயிலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம். அதில் வைத்தது அலுமினியம் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட், புற ஊதாவில் மட்டும் வேலை செய்வது. பெரிய அளவில் நிலைத்து நின்றுகாட்ட மறுபடியும் நிறமில்லாத பொடியிடமே போக வேண்டியிருந்தது.

மார்ச் 22

மேல்பூச்சு பற்றிக் கேட்டவருக்கு: அணு அணுவாகப் படியவைக்கும் கருவி இருந்தால் மெல்லிய டைட்டானியம் டை ஆக்சைடு பூசலாம். தாமிர ஆக்சைடு மின்முனைகளை 2011-இல் அப்படித்தான் காப்பாற்றினார்கள். என்னிடம் கருவி இல்லை, சோல்-ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கிப் பூசுவது) காட்மியம் சல்பைடின் மேல் பூசினேன். காயும்போது பூச்சு வெடித்தது. நுண்ணோக்கியில் வறண்ட குளத்தின் அடி மாதிரி விரிசல். கரைசலில் காட்மியம் குறைந்தது, நிற்கவில்லை. வேகமும் பாதியானது. ஒரு விரிசல் போதும், நீர் உள்ளே போய்விடும். பூச்சைத் தடிமனாக்கினால் எலக்ட்ரானும் துளையும் வெளியே வராது. கெட்டுப்போகாத பொடி கிடைக்கும், எதையும் செய்யாத பொடி!

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். 12 நிமிடத்தில் நிறுத்தி மறுபடி ஐந்து சுற்று ஓட்டினாராம்: 55, 51, 46, 41, 36 சதவீதம். மொத்தக் கரிமக் கார்பன் முதல் சுற்றில், 60 நிமிடத்துக்கு, 22 சதவீதம் குறைந்ததாம். பொடி காக்கி நிறமாகிவிட்டது என்று அவரே சொல்கிறார்.

22 சதவீதம் என்பதை முழுச் சிதைவுக்கான அந்த 1,500-இல் போட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், ஐந்து சுற்றும் அப்படியே போயிருந்தால் சுமார் 330 மைக்ரோமோல் எலக்ட்ரான் வரும். வெள்ளியின் கையிருப்பு 287. என்ன ஒரு இடத்தில் வந்து நிற்கிறது பாருங்கள்! மார்ச் 6 காலையில் நான் எழுதியதும் இரவில் திருத்தியதும் இரண்டுமே பாதிப் பாதி. வெள்ளி முழுதும் கறுத்திருந்தால் பொடி காக்கியில் நிற்காது, கரியாகியிருக்கும். எனவே ஆக்சிஜனும் பெரும்பகுதி வேலை செய்திருக்கிறது. போர்வை ஏதோ செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

காக்கிப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் பாஸ்பேட் உப்பும் சேர்த்துக் கலக்கினால் வெள்ளி மறுபடி பாஸ்பேட்டாகி மஞ்சள் திரும்பும். கட்டுரையில் "மீட்கக்கூடியது" என்று எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஏப்ரல் 11, இரவு

ஐந்தாம் சுற்று முடிவில் பொடியின் எடை எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லையே?